கேஜ் முள் சொல்லாத கணக்கு

ஃப்ரிட்ஜோ ஏ.சி.யோ சரியாகக் குளிரவில்லை என்றால், திண்டிவனத்திலும் சரி, வானூரிலும் சரி, மெக்கானிக் வருவதற்கு முன்பே வீட்டில் தீர்ப்பு வந்துவிடும்: கேஸ் கம்மி. மெக்கானிக்கும் கேஜை மாட்டி, முள்ளைப் பார்த்துவிட்டு, ‘கொஞ்சம் அடிச்சிடலாம்’ என்பார். பெரும்பாலும் குளிரவும் செய்யும். முள் இன்ன எண்ணுக்கு வந்துவிட்டால் கேஸ் சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கை இப்படித்தான் வேரூன்றியது. அது எவ்வளவு பலவீனமானது என்பதைக் காட்டிக்கொடுக்கும் கருவி ஒன்று உண்டு. கம்ப்யூட்டரின் பிராசசரைக் குளிர்விப்பதற்காக ஆர்வலர்கள் வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் குளிர்பதன அமைப்புதான் அது. கம்பெனி ஃப்ரிட்ஜின் முதுகில் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அச்சிட்ட தகடு இருக்கும். வீட்டில் கட்டியதற்குத் தகடு கிடையாது. எத்தனை கிராம் என்பதைக் கட்டியவரே கண்டுபிடித்தாக வேண்டும். முள்ளை மட்டும் நம்பினால் கண்டுபிடிக்க முடியாது.

இது வெறும் விளையாட்டுப் பிள்ளைகளின் கிறுக்கு அல்ல. அமெரிக்காவின் தென் கரோலினாவில் இருந்த கிரையோடெக் என்ற நிறுவனம் 1990களின் கடைசியில் கம்ப்யூட்டர் பெட்டிக்கு அடியிலேயே கம்ப்ரஸரை வைத்து விற்றது. ஏ.எம்.டி. தன் 1 கிகாஹெர்ட்ஸ் ஆத்லான் பிராசசரை 2000 மார்ச்சில் வெளியிட்டது. அதற்கு முன்பே, வேகம் குறைந்த ஆத்லானைச் சுமார் மைனஸ் 40 டிகிரிக்குக் குளிர்வித்து அதே வேகத்தில் ஓட்டும் கம்ப்யூட்டரைக் கிரையோடெக் அறிவித்துவிட்டது. டென்மார்க்கின் அசெடெக்கும் வேப்போசில் என்ற பெயரில் இத்தகைய பெட்டிகளோடுதான் தொழிலைத் தொடங்கியது. அத்தகைய பெட்டிகள் சந்தையிலிருந்து மறைந்த பிறகும் வேலை வீட்டுப் பட்டறைகளில் தொடர்கிறது. பாகங்கள் ஃப்ரிட்ஜில் உள்ளவையே: கம்ப்ரஸர், கண்டென்சர், ஃபில்டர் டிரையர், கேப்பிலரி. புதிதாகச் செய்வது ஒன்றே ஒன்று. உள்ளே பள்ளங்கள் கடைந்த செம்புக் கட்டி ஒன்று எவாப்பரேட்டராகி, பிராசசரின் தலைமேல் நேரடியாக உட்காருகிறது.

‘அதற்குக் கம்ப்யூட்டரையே ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டு ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் மைனஸ் 20 டிகிரி வாக்கில் வெளியேற்றக்கூடிய வெப்பம் நூறு, இருநூறு வாட்தான். இன்டெலின் கோர் ஐ9-14900கே முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். காய்கறி தானாக உண்டாக்கும் வெப்பம் மிகச் சொற்பம். பிராசசர் ஓயாமல் உண்டாக்கிக்கொண்டே இருக்கும். மூடிய பெட்டி சீக்கிரமே சூடாகிவிடும், கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும்.

முள்ளின் கதைக்கு வருவோம். திரவமும் ஆவியும் ஒன்றாக இருக்கும் குழாயில் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை, அளவல்ல. சமையலறை சிலிண்டர் பாதி இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் உள்ளே அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால்தான் எவ்வளவு மிச்சம் என்று அறிய நாம் சிலிண்டரைத் தூக்கிப் பார்க்கிறோம். R22 ஏ.சி.க்கு ‘பேக் பிரஷர் 60 முதல் 70’ என்று தொழிலில் சொல்லப்படும் எண்ணின் பொருளும் இவ்வளவே: அந்த அழுத்தத்தில் கேஸ் ஏறக்குறைய 1 முதல் 5 டிகிரிக்குள் கொதிக்கிறது. காயிலில் எவ்வளவு தூரம் வரை திரவம் நனைத்திருக்கிறது என்பது அந்த எண்ணில் இல்லை. புரோப்பேனுக்கும், அதாவது R290க்கும், இதே கதைதான். கேஜ் 10 பி.எஸ்.ஐ. காட்டினால் அது மைனஸ் 30இல் கொதிக்கிறது என்று தெரியும்; செம்புக் கட்டிக்குள் திரவம் நிரம்பியிருக்கிறதா, வாசலிலேயே வற்றிவிட்டதா என்பது தெரியாது.

இதை அறிய ஒரே வழி, சுமை ஏற்றிப் பார்ப்பது. விவரம் தெரிந்தவர்கள் எடுத்த எடுப்பில் பிராசசரைப் பலி கொடுப்பதில்லை. 200 வாட் ஹீட்டர் ஒன்றைச் சிறு செம்புத் துண்டில் செருகி, அதை எவாப்பரேட்டரோடு அழுத்திக் கட்டி, வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள்களில் ஒன்றைக் கட்டியிலும் இன்னொன்றைக் கம்ப்ரஸருக்குத் திரும்பும் குழாயிலும் ஒட்டுகிறார்கள். கேஸ் பாட்டில், ஒரு கிராம் வரை காட்டும் தராசின் மேல் நிற்கும். முதலில் கொஞ்சமாக விட்டு ஓட்டினால், சுமை இல்லாதபோது கட்டி அபாரமாகக் குளிரும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். தெர்மாமீட்டர் மைனஸ் நாற்பதைக் காட்டியதும் வேலை முடிந்தது என்று வால்வை மூடிவிடுகிறார்கள். ஹீட்டரைப் போட்டதும் சாயம் வெளுக்கிறது. உள்ளே போகும் சொற்பத் திரவம் கட்டியின் முதல் மூலையிலேயே ஆவியாகித் தீர, மீதிப் பரப்பு சும்மா கிடக்க, வெப்பநிலை விறுவிறுவென்று ஏறுகிறது. பிறகு ஐந்தைந்து கிராமாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் பத்து, பதினைந்து நிமிடம் காத்திருந்து எழுதிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு சேர்ப்புக்கும் சுமையோடு கூடிய குளிர் மேம்படும். ஒரு கட்டத்தில் மேம்பாடு நின்று, சேர்க்கச் சேர்க்க வெப்பநிலை மறுபடி ஏறும். உறைபனி திரும்பு குழாயில் ஊர்ந்து கம்ப்ரஸரை நெருங்கும். அதிகமாகிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். திரவமாகவே கேஸ் கம்ப்ரஸருக்குள் போனால் எண்ணெய் கழுவப்பட்டு வால்வு உடையும். முழுச் சுமையில், கட்டியை விட்டு வெளியேறும் இடத்தில் கடைசித் துளி ஆவியாகி, அந்த ஆவி கொதிநிலையைவிட நான்கைந்து டிகிரி மட்டும் சூடேறியிருக்கும் புள்ளிதான் இலக்கு. சிறிய அமைப்பில் மொத்த கேஸே நூறு கிராமை ஒட்டியதுதான் என்பதால், பத்து கிராம் என்பது அலட்சியப்படுத்தும் அளவல்ல.

அப்படிக் கண்டுபிடித்த எண்ணும் எல்லாக் காலத்துக்கும் செல்லாது. கேப்பிலரி என்பது முக்கால் மில்லிமீட்டர் துளையும் இரண்டு, மூன்று மீட்டர் நீளமும் உள்ள வெறும் செம்புக் குழாய். அதற்குத் திறக்கவோ மூடவோ தெரியாது. தள்ளும் அழுத்தம் கூடினால் அதிகம் விடும், குறைந்தால் குறைத்து விடும். தள்ளும் அழுத்தத்தையோ ஊரின் வெயில் தீர்மானிக்கிறது. கண்டென்சர் 35 டிகிரியில் இருந்தால் புரோப்பேனின் அழுத்தம் 12 பார் அளவில் நிற்கும். 50 டிகிரியில் 17ஐத் தொடும். மார்கழிக் காலையில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு டியூன் செய்தது, அதாவது கேஸ் அளவைப் பொருத்தியது, கத்திரி வெயிலில் கூடுதலாகத் திரவத்தை விட்டுக் கம்ப்ரஸரை நனைக்கும். வானூர் போன்ற ஊரில் கட்டுபவர் வெயில் ஏறிய மதியத்தில் டியூன் செய்துவிட்டுக் குளிர்காலத்தின் சிறு நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்வதே நல்லது. கேப்பிலரியை நீளமாகவே வைத்துத் தொடங்குவதும் அதே புத்திதான். தேவைப்பட்டால் நறுக்கிக் குறைக்கலாம். குட்டையாக வெட்டிவிட்டால் புதுக் குழாய்தான்.

முப்பது ஆண்டு அனுபவமுள்ளவர் குழாயைத் தொட்டே சொல்லிவிடுவார், தராசும் தெர்மோகப்பிளும் எதற்கு என்று கேட்கலாம். அந்தக் கைப்பழக்கத்தைக் குறைத்துப் பேச முடியாது. கண்டென்சரின் கடைசி மடிப்பு எவ்வளவு சூடு, உறைபனி எங்கே நிற்கிறது என்பதெல்லாம் உண்மையான அளவீடுகளே. விரல் நுனி ஒரு தெர்மாமீட்டர்தான். ஆனால் அந்த அனுபவம் விளைந்தது பழைய R12, R134a ஃப்ரிட்ஜுகளில். அவற்றில் கேஸ் பெரும்பாலும் நூறு கிராமுக்குக் குறையாது, சுமை மெதுவாக மாறும், பிழையைத் தெர்மோஸ்டாட் மறைத்துவிடும். இன்று கடையில் வாங்கும் ஃப்ரிட்ஜில் இருப்பது பெரும்பாலும் R600a, அதுவும் ஐம்பது கிராம் வாக்கில். பத்து கிராம் தவறினால் ஐந்தில் ஒரு பங்கு தவறு. பிராசசரின் சுமையோ கண் சிமிட்டும் நேரத்தில் இருபது வாட்டிலிருந்து இருநூறுக்குத் தாவும். தொட்டுப் பார்க்கக் கை போவதற்குள் எல்லாம் மாறியிருக்கும்.

கேஸ் ஏற்றும் முன் குழாய்களிலிருந்து காற்றை உறிஞ்சி வேக்கம் போடும் விஷயத்திலும் முள் ஏமாற்றுகிறது. பழைய கம்ப்ரஸரைத் திருப்பி மாட்டிக் காற்றை உறிஞ்சுவது பட்டறைகளில் சகஜம். முள் 30 அங்குலத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், வேக்கம் ஆச்சு என்பார்கள். 30 டிகிரியில் நீர் கொதிக்க அழுத்தம் 32 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு இறங்கினால் போதும். எண்ணெயில் ஊறிய ஈரத்தை வெளியேற்றவோ அது அரை மில்லிமீட்டருக்கு, அதாவது 500 மைக்ரானுக்கு இறங்க வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் சாதாரண கேஜில் முள்ளின் தடிமன் அளவுகூட இராது. மைனஸ் முப்பதில் ஓடும் அமைப்பில் மிச்சமிருந்த ஈரம் கேப்பிலரியின் முனையில் பனியாகி அடைக்கும். அடைத்ததும் குளிர் போகும், பனி உருகும், குளிர் திரும்பும். இந்தக் கண்ணாமூச்சியைக் ‘கேஸ் கம்மி’ என்று நினைத்து மேலும் அடிப்பவர்கள் ஏராளம்.

எந்த கேஸ் என்பதில் பெரிய தேர்வு இல்லை. R600aவோ R134aவோ மைனஸ் முப்பதில் வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தத்தில் கொதிப்பவை; மயிரிழைக் கசிவு இருந்தாலும் ஈரக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். R404A பொருந்தும், ஆனால் அது கலவை. பாட்டிலைக் கவிழ்த்துத் திரவமாகவே ஏற்ற வேண்டும், புவி வெப்பமாக்கும் திறனோ கார்பன் டை ஆக்சைடைப் போல 3,900 மடங்குக்கு மேல். மிஞ்சுவது புரோப்பேன். வீட்டுக்குள் எரிவாயுவா என்ற அச்சம் நியாயமானது. கோத்ரெஜ் 2012 முதல் புரோப்பேன் ஏ.சி. விற்றிருக்கிறது என்பது பதிலாகாது. அங்கே அளவும் மூட்டுகளும் தொழிற்சாலையில் சோதிக்கப்பட்டவை. கணக்கைப் பார்ப்போம். நூறு கிராம் புரோப்பேன் கசிந்தால் சுமார் 56 லிட்டர் ஆவி. பத்தடிக்குப் பத்தடி அறையில் சீராகக் கலந்துவிட்டால், தீப்பற்றுவதற்கு வேண்டிய 2.1 சதவீதத்தில் பத்தில் ஒரு பங்குகூட வருவது கடினம். ஆனால் அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையோடு தேங்கும். மூடிய ஐம்பது லிட்டர் கேபினெட்டுக்குள் இரண்டு கிராம் கசிந்தாலே போதும். கம்ப்ரஸரின் ரிலே பொறி தட்டும் இடமும் பக்கத்திலேயே. எனவே கசிவுச் சோதனை நைட்ரஜனில்தான்; ஆக்சிஜன் ஏற்றினால் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். சமையல் சிலிண்டரிலிருந்து ஏற்றும் குறுக்குவழி இன்னும் மோசம். அது விகிதம் நிலையில்லாத புரோப்பேன், பியூட்டேன் கலவை. எந்த வெப்பநிலையில் கொதிக்கும் என்பதே தெரியாதபோது டியூன் செய்ய என்ன இருக்கிறது?

கடற்கரையை ஒட்டிய வானூர் வட்டத்தில் கோடையில் 35 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் அதிசயமல்ல. அந்தக் காற்றின் பனிநிலை 26 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்த எதுவும் வியர்க்கும். மைனஸ் முப்பதில் உள்ள கட்டியைச் சுற்றி நைட்ரைல் ரப்பர் ஃபோமை இடைவெளியின்றிப் பொதிந்து, சாக்கெட்டின் பள்ளங்களைப் பெட்ரோலியம் ஜெல்லியால் நிரப்பி, போர்டின் பின்புறம் சிறு ஹீட்டர் ஒட்டினால்தான் மதர்போர்டு பிழைக்கும். கரண்ட் போகும்போது இன்னொரு சங்கடம். யு.பி.எஸ். கம்ப்யூட்டரைத் தாங்கும், கம்ப்ரஸரைத் தாங்காது. கரண்ட் வந்ததும் கம்ப்ரஸர் உடனே கிளம்பவும் கூடாது. இரு பக்க அழுத்தமும் சமமாகச் சில நிமிடம் வேண்டும். அதற்குள் பிராசசர் கொதித்துவிடாமலிருக்கத் தானாக நிறுத்தும் ஏற்பாடு அவசியம்.

இத்தனை பாடுபட்டு என்ன பயன் என்பதே கடைசியாக எழும், வலுவான ஆட்சேபம். வேகத்துக்காக என்றால் பயன் குறைவுதான். இன்றைய பிராசசர்கள் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே தம் எல்லையருகில் ஓடுகின்றன. 300 வாட் கம்ப்ரஸர் நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 144 யூனிட். 2016இல் தமிழக அரசு அறிவித்த நூறு யூனிட் இலவசம் அதற்கே பற்றாது. ஆனால் கற்றுக்கொள்வதற்கு இதைவிடக் கறாரான கருவி அரிது. 2019இல் வந்த இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் ஒரு லட்சம் சர்வீஸ் தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தர இலக்கு வைத்தது. புதிய கருவிகளின் தயாரிப்பில் R22க்கு 2025 தொடக்கத்துடன் கதவு அடைபட்டிருக்கிறது. இனி தொழிலுக்கு வருகிறவர் கையாளப்போவது அளவு குறைந்த, தீப்பற்றும் கேஸ்களை. ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு படிக்கும் குளிர்பதனப் பிரிவு மாணவர்கள், ஆசிரியர் கண்காணிப்பில், ஹீட்டர் கட்டிய ஒரு செம்புக் கட்டியை ஒரு முறை டியூன் செய்யட்டும், பிராசசர்கூட வேண்டாம். எத்தனை கிராமில் எத்தனை டிகிரி என்ற அட்டவணையை அவர்களே வரைவார்கள். வேலை முடிந்ததும் கேஸின் பெயர், எடை, எண்ணெய் வகை, கேப்பிலரி நீளம், டியூன் செய்த அன்றைய அறை வெப்பநிலை ஆகிய ஐந்தையும் எழுதிக் கம்ப்ரஸரின் மேல் ஒட்டிவிட்டால், அடுத்து அதைத் திறப்பவர் கேஜை மாட்டுவதற்கு முன் தராசை எடுப்பார்.