ஒகேனக்கல்லில் இரவு தங்குவது யார்?

1906-இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குச் சின்ன ரயில் ஓடத் தொடங்கியது. 1913-இல் அது ஓசூர்வரை நீண்டது. 1941-இல், உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, மூடப்பட்டது. அந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் ஆடி அமாவாசைக்கு ஒகேனக்கல்லில் முழுக்குப் போட நினைத்த வெளியூர்க்காரர் மொரப்பூரில் ரயில் மாற வேண்டும், தருமபுரியில் இறங்க வேண்டும், பென்னாகரம்வரை மாட்டுவண்டியிலோ நடந்தோ போக வேண்டும், பிறகு காட்டுக்குள் இறங்க வேண்டும். ஒரே நாளில் போய்த் திரும்புவது ஆகாத காரியம். வழியில் இரண்டு ராத்திரியாவது கழியும். அதனால் அன்று ஒகேனக்கல் போகிறவரின் முதல் கேள்வி ‘எங்கே தங்குவது?’ என்பதுதான்.

இன்று முதல் கேள்வி, ‘வண்டியை எங்கே நிறுத்துவது?’

பொதுப்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுத்தவர்களும் இந்தக் கேள்வியோடு சேர்ந்தே மாறினார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்த சங்கதி.

சென்னை மாகாணத்தில் 1871-இல் உள்ளூர் நிதிச் சட்டம் வந்தது. 1884-இல் உள்ளாட்சி வாரியச் சட்டம் வந்தது. ‘லோக்கல் பண்ட்’ என்று கிராமத்துப் பெரியவர்கள் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தது இந்த நிதியைத்தான். ரோடு போடுவது, பள்ளிக்கூடம் நடத்துவது, ஆஸ்பத்திரி கட்டுவது ஆகியவற்றோடு சத்திரம் கட்டிப் பராமரிப்பதும் வாரியத்தின் கடமைகளில் ஒன்றாக அந்தச் சட்டங்களில் இருந்தது. தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தின் ஒரு மூலை. சேலம்–பெங்களூர் சாலையில் போகிறவர்களும் காவிரிக்கு இறங்குகிறவர்களும் தலைசாய்க்க இடம் வேண்டும் என்பது வழிப்போக்கரின் சொந்தப் பிரச்சினையாக விடப்படவில்லை. நிலவரியோடு சேர்த்து வசூலான உள்ளூர் வரியிலிருந்து செலவழிக்கத் தக்க பொதுக்காரியமாக அது கருதப்பட்டது.

இதைச் சொல்லும்போது பழைய காலத்தைப் பொன்முலாம் பூசிக் காட்டிவிடக் கூடாது. சத்திரத்துத் திண்ணை எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. துரைமாருக்கும் தாசில்தாருக்கும் முசாபரி பங்களா தனியாக இருந்தது. சத்திரத்துக்குள்ளும் சாதி பார்த்துத்தான் இடம். தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குப் புளியமரத்தடிதான். பொதுக் கிணறு, பொதுச் சாலை, பொது விடுதி போன்றவற்றில் யாரையும் தடுக்கக் கூடாது என்று எம்.சி. ராஜா கொண்டுவந்த மசோதா சட்டமானது 1938-இல்தான். சட்டம் புத்தகத்தில் ஏறியதற்கும் திண்ணையில் ஏறியதற்கும் இடையில் இன்னும் பல வருஷங்கள் ஓடின. ஆகவே அந்தச் சத்திரங்களைக் கொண்டாட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஊருக்கு வருகிறவன் ராத்திரி எங்கே படுப்பான் என்ற கவலை உள்ளாட்சியின் கணக்குப் புத்தகத்தில் ஒரு தலைப்பாக இருந்தது. அதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

1958-இல் பஞ்சாயத்துச் சட்டம் வந்து, 1960-இலிருந்து ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தபோது மாவட்ட வாரியங்கள் கலைந்தன. 1965 அக்டோபர் 2-இல் தருமபுரி தனி மாவட்டமாயிற்று. ஒகேனக்கல் கூத்தப்பாடி ஊராட்சிக்குள் வருகிறது. பரிசல் துறை பென்னாகரம் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஒன்றிய அலுவலகத்துக்கு ஆறு ஒரு வருமானமாகத் தெரிய ஆரம்பித்தது அப்போதுதான். துறையில் வசூல், கடைகளுக்கு வாடகை, வண்டி நிறுத்தக் கட்டணம் என்று ஏலமும் டெண்டரும் ஒரு பழக்கமாயின. இன்னொரு பக்கம், 1971-இல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் பிறந்தது. தங்குமிடம் என்ற கவலை மெல்ல உள்ளாட்சியின் கையிலிருந்து நழுவி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு கழகத்தின் வியாபாரமாயிற்று. ஒகேனக்கல்லில் ‘ஓட்டல் தமிழ்நாடு’ வந்தது. அதைச் சுற்றித் தனியார் லாட்ஜுகள் முளைத்தன.

இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தில் உள்ளூர் மன்றங்களில் பெரும்பாலும் ஆளே இல்லை என்பதைச் சொல்லாமல் போக முடியாது. தமிழ்நாட்டுக் கிராம உள்ளாட்சிகளுக்கு 1970-இல் தேர்தல் நடந்தது. அடுத்தது 1986-இல். அதற்கடுத்தது 1996-இல். நடுவில் நீண்ட காலம் தனி அலுவலர் ஆட்சிதான். அப்புறமாவது ஒழுங்காக நடந்ததா என்றால், 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் மூன்று வருஷத்துக்கு மேல் நாற்காலிகள் காலி. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து, 2020 ஜனவரியில் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டே மாதத்தில் கொரோனா ஊரடங்கு. அந்தப் பதவிக்காலமும் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். ஆற்றங்கரையில் யார் கடை போடலாம், பரிசலுக்கு எவ்வளவு வாங்கலாம், குப்பையை யார் அள்ளுவது என்பதெல்லாம் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டு, பத்து உறுப்பினர்கள் சண்டை போட்டு நிறைவேற வேண்டிய காரியங்கள். அவை ஓர் அதிகாரியின் கையெழுத்தோடு முடிந்துபோவது இங்கே விதிவிலக்காக இருக்கவில்லை, நடைமுறையாகவே இருந்திருக்கிறது.

பெரிய அளவு பொதுப்பணம் ஒகேனக்கல்லுக்கு வந்ததும் சுற்றுலாவுக்காக அல்ல. ஜப்பான் கடனுதவியோடு தொடங்கி, 2013 மே மாதம் திறக்கப்பட்ட கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் மதிப்பீடு 1,928 கோடி ரூபாய். புளோரைடு நீரால் பல்லும் எலும்பும் கெட்டுப்போன தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களுக்கு அது செய்திருக்கும் நன்மையின் பக்கத்தில் எந்தச் சுற்றுலாத் திட்டத்தையும் நிறுத்த முடியாது. சுற்றுலாத் துறை அறிவித்த மேம்பாட்டுத் திட்டம் ஏறத்தாழ 18 கோடி. பார்வை மேடை, எண்ணெய்க் குளியலுக்கான இடம், கடைகள், வண்டி நிறுத்தம் என்று அதில் பேசப்பட்டவை பெரும்பாலும் பகலில் வந்து போகிறவருக்கானவை.

பகலில் வந்து போகிறவர் எப்படி உருவானார்? நான்கு வழிச்சாலையும் பெங்களூரின் கம்ப்யூட்டர் சம்பளமும் உருவாக்கின என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்தான். ஆனால் அதற்கு முன் ஓர் அச்சமும் இருந்தது. வீரப்பனைத் தேடி அதிரடிப்படை அலைந்த ஆண்டுகளில் இந்தக் காட்டோரம் இரவு தங்க வெளியூர்க்காரர் ரொம்பவே யோசித்தார். 2004 அக்டோபர் 18-இல் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டபின் அந்தப் பயம் போயிற்று. ஆனால் தங்கும் பழக்கம் திரும்பி வரவில்லை. வந்தது சனி, ஞாயிறு கார்க் கூட்டம். காலையில் கிளம்பி, பதினொரு மணிக்கு எண்ணெய் தேய்த்து, மதியம் மீன் வறுவல், மூன்று மணிக்குப் பரிசல், பொழுது சாய்வதற்குள் மலையேறிவிடுவார்கள். பென்னாகரத்திலிருந்து இறங்கும் காட்டுச் சாலையில் இருட்டியபின் யானை நிற்கும் என்பதும் அவசரத்துக்கு ஒரு காரணம்.

இந்த ஊர் அவர்களால் பிழைக்கவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஊட்டமலையிலும் சுற்றுப்புறத்திலும் நானூறுக்கு மேற்பட்ட பரிசல் ஓட்டிகள் இருக்கிறார்கள். மசாஜ் செய்கிறவர்கள், மீன் விற்கிறவர்கள், நாம் வாங்கிக் கொடுக்கும் மீனைக் கல்லடுப்பு மூட்டிக் குழம்பும் வறுவலுமாக ஆக்கிப்போடும் பெண்கள் என்று ஒரு பெரிய கூட்டமே அந்த ஐந்தாறு மணி நேரத்தை நம்பியிருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அந்த ஐந்தாறு மணி நேரம் ஆற்றின் கையில் இருக்கிறது. பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் கன அடிதான் இந்த ஊரின் பஞ்சாங்கம். கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பினால் மாவட்ட ஆட்சியர் பரிசலுக்கும் குளிக்கவும் தடை போடுவார். 2024 ஜூலைக் கடைசியில் வரத்து ஒரு லட்சம் கன அடியைத் தாண்டிப் போனது. அப்படிப்பட்ட வருஷங்களில் வாரக்கணக்கில் துறை மூடிக் கிடக்கும். தடை சரியானதே. 2015-இல் பரிசல் கவிழ்ந்து ஒரு குடும்பத்தினர் பலியானபின் உயிர்காக்கும் ஜாக்கெட் இல்லாமல் யாரையும் ஏற்றக் கூடாது என்ற கண்டிப்பு வந்ததும் சரிதான். ஆனால் பரிசல் ஓடாத நாளில் இந்த ஊரில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை என்று கார் திரும்பிவிடுகிறது. உண்மையில் பெருவெள்ளக் காவிரியைப் பாதுகாப்பான தூரத்தில் நின்று பார்ப்பதைவிடப் பெரிய காட்சி இந்த மாவட்டத்தில் கிடையாது. தங்கியிருப்பவன் அதைப் பார்ப்பான். பரிசலுக்காக வந்தவன் தடை என்றதும் காரைத் திருப்பிவிடுவான்.

வருமானக் கணக்கும் இதே திசையில்தான் இழுக்கிறது. லாட்ஜ் அறைக்கு 1981 சட்டப்படி விதிக்கப்பட்ட ஆடம்பர வரி மாநில அரசுக்குப் போனது. ஜிஎஸ்டி வந்தபின் அது மத்திய, மாநிலப் பங்காகிவிட்டது. ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த அறைக்கு இருந்த விலக்கு 2022 ஜூலை 18-இல் போய், 12 சதவீதம் விழுந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதமாயிற்று. ஏறினாலும் இறங்கினாலும் அந்த வரியில் கூத்தப்பாடி ஊராட்சிக்கு நேரடியாக ஒரு பைசா இல்லை. கேளிக்கைக்கு மட்டும் உள்ளாட்சிகள் வரி விதிக்கலாம் என்று 2017-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே போட்டது. படுக்கைக்கு அப்படி ஒன்றும் இல்லை. லாட்ஜிலிருந்து ஊராட்சிக்குச் சேருவது வீட்டுவரியும் உரிமக் கட்டணமும்தான். விருந்தாளி ஒரு நாள் தங்கினாலும் ஒரு வாரம் தங்கினாலும் அதில் மாற்றமில்லை. வண்டி நிறுத்தமோ ஏலத்தில் ரொக்கமாக வந்து விழுகிறது. அப்புறம் மன்றமோ தனி அலுவலரோ எதைப் பெருக்கப் பார்ப்பார்கள்?

வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் 25-இல் தொடங்கி, கூட்டம் மொய்க்கும் நாள்களில் பகலில் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ வாங்கத் தொடங்கியது. ராத்திரி தங்குகிறவருக்கு அது கிடையாது. அவர் விடுதி வழியே நகரத்துக்கு ஏற்கெனவே வரி கட்டிவிடுகிறார். நம் பக்கம் 2024 மே முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்றம் இ-பாஸ் கொண்டுவந்தது. அது வண்டிகளை எண்ணுவதற்கான ஏற்பாடு. வெனிஸ் செய்தது வேறு. குப்பையையும் நெரிசலையும் விட்டுவிட்டு மாலையில் கிளம்பிவிடுகிறவர் யார் என்று பார்த்து, செலவை அவர் தலையில் வைத்தது. பென்னாகரம் ஒன்றியத்தில் இந்தக் கணக்கை யாராவது ஒரு முறை மன்றத்தில் எழுப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்காகப் பள்ளத்தாக்கின் விளிம்பில் இன்னும் இருபது லாட்ஜ் கட்டு என்று யாராவது கிளம்பினால் முதல் எதிர்ப்பு என்னுடையதாக இருக்கும். 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காப்புக்காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இந்தக் காடு அவ்வளவு கான்கிரீட்டைத் தாங்காது. தங்குமிடம் பென்னாகரத்தில் இருக்கட்டும், மேலும் கீழும் ஒன்றியமே பஸ் விடட்டும். ஆற்றங்கரையில் தேவை ஒன்றே ஒன்றுதான்: ஏழைகள் காசில்லாமலோ சொற்பக் காசிலோ படுத்தெழக்கூடிய சுத்தமான ஒரு பொதுக்கூடம்.

ஏனென்றால், இன்றும் ஒகேனக்கல்லில் இரவு தங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆடி 18-க்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அரசு சார்பில் மூன்று நாள் ஆடிப்பெருக்கு விழா, மேடை, துறைவாரியாகக் கண்காட்சி அரங்குகள். புதுத் தாலிக்கயிறு மாற்ற வரும் பெண்கள், குலதெய்வத்தின் ஆயுதங்களை ஆற்றில் கழுவ எடுத்துவரும் பங்காளிகள், மலைக்கிராமத்தார் போன்றவர்கள் முந்தின ராத்திரியே வந்து சேருகிறார்கள். லாட்ஜ் வாடகை அன்று அவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். தேசநாதேஸ்வரர் கோயிலைச் சுற்றியும் பஸ் நிலையத்திலும் கிடைத்த இடத்தில் துண்டை விரிக்கிறார்கள். 1884-இன் சட்டம் சத்திரம் கட்டச் சொன்னது இவர்களுடைய தாத்தாக்களுக்காக என்று வைத்துக்கொண்டால், நூற்று நாற்பது வருஷத்தில் அவர்கள் புளியமரத்தடியிலிருந்து பஸ் நிலையத்துக்கு வந்திருக்கிறார்கள்.

இதே மாவட்டத்தில் இன்னொரு இடத்தில் முடிவுகள் இன்னும் இறுகிப்போகவில்லை. வத்தல்மலையைச் சுற்றுலாத் தலமாக்கும் பேச்சு ஆட்சிக்கு ஆட்சி நடந்துவருகிறது. 2021-இல் முதலமைச்சர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்தார். கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை வந்துவிட்டது. மேலே காப்பியும் மிளகும் பயிராகும் மலைவாழ் மக்களின் ஊர்கள். அங்கே முதலில் வரப்போவது வண்டி நிறுத்த ஏலமா, அல்லது ஊர்க்காரர் வீட்டிலேயே ஓர் அறையை விருந்தாளிக்கு விட்டு அந்தக் காசை அவரே எண்ணிக்கொள்ளும் ஏற்பாடா என்பதைக் கிராமசபை கேட்கலாம். ஊராட்சி மன்றத்துக்குப் பதவிக்காலம் முடியலாம், தனி அலுவலர் வரலாம். கிராமசபைக்குப் பதவிக்காலம் என்று ஒன்று சட்டத்தில் இல்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் அது கூடித்தான் ஆக வேண்டும்.