இல்லாத காளையைச் செய்து பார்ப்போம்
அருங்காட்சியகத்தில் வளரிளம் பருவ மாணவர்களுக்கு ஒரு கலைப் பட்டறை

அருங்காட்சியகத்திற்கு மாணவர்களை அழைத்துச் செல்வது நம் பள்ளிகளுக்குப் புதிதல்ல. வரிசையாக நுழைந்து, சொல்வதைக் கேட்டு, குறிப்பேட்டில் நான்கு பெயர்களை எழுதிக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறோம். ஒரு சிலையின் முன் ஒரு மாணவர் நிற்பது பெரும்பாலும் சில நொடிகள்தான். பார்த்ததைக் கையால் செய்யச் சொன்னால் அந்தச் சில நொடிகள் நீளும். செய்யப் போகிறவரின் கண் வேறு விதமாகப் பார்க்கும்.

ஏன் இந்த வயதில்?

தொடக்க வகுப்புக் குழந்தைகள் தயக்கமின்றி வரைகிறார்கள். எட்டாம் வகுப்பைத் தாண்டியதும் "எனக்கு வரையத் தெரியாது" என்ற சொல் வந்துவிடுகிறது. தன் படைப்பைப் பிறர் படைப்போடு ஒப்பிடும் வயது அது. பொதுத்தேர்வு நெருங்க நெருங்க ஓவியப் பாடவேளையும் வேறு பாடங்களுக்குப் போய்விடுகிறது. பதினான்கு வயதில் களிமண்ணைக் கைவிட்டவர் பிறகு அதைத் தொடாமலே போகலாம்.

எனவே, "இந்தச் சிலையைப் போலவே செய்யுங்கள்" என்று சொல்வது பயன் தராது. திறமையான இருவர் செய்வார்கள்; மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். விடை ஒன்றாக இல்லாத வினாவைக் கொடுத்தால் எல்லோரும் கை வைப்பார்கள்.

தஞ்சாவூரில் ஒரு வினா

தஞ்சாவூர் அரண்மனை வளாகத்திலுள்ள கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் செப்புத்திருமேனி உள்ளது. முதலாம் இராசராசன் காலத்தில், கி.பி. 1011இல் செய்யப்பட்டது. சிவன் ஒரு காலை மற்றொரு காலுக்குக் குறுக்கே வைத்து, ஒரு கையைக் காளையின் மேல் ஊன்றிச் சாய்ந்து நிற்கிறார். ஆனால் காளை இல்லை. மண்ணுக்கடியிலிருந்து திருமேனி கிடைத்தது, காளை கிடைக்கவில்லை. கை வெற்றிடத்தின் மேல் நிற்கிறது.

அந்தக் காளை எவ்வளவு உயரம் இருந்திருக்கும்? கை ஊன்றியது திமிலிலா, முதுகிலா, தலையிலா? காளை எந்தப் பக்கம் பார்த்தது? இவையே பட்டறையின் வினாக்கள்.

நடத்தும் முறை

1. பார்த்தல் (15 நிமிடம்): நான்கு பேர் கொண்ட குழுக்களாகச் சிலையைச் சுற்றி நிற்கட்டும். முதல் ஐந்து நிமிடம் யாரும் பேச வேண்டாம். ஆசிரியரும் விளக்க வேண்டாம். பிறகு கண்டதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

2. நின்று பார்த்தல் (10 நிமிடம்): ஒரு மாணவர் அதே போல் நிற்கட்டும். கால்களைக் குறுக்கே வைத்துக் கையை அந்தரத்தில் நீட்டினால் சிறிது நேரத்திலேயே தடுமாறுவார். நண்பரின் தோளில் கை ஊன்றினால் உடல் தளர்ந்து அமைதியாகும். சிலையின் இடுப்பு வளைவும் தோள் சாய்வும் ஏன் அப்படி இருக்கின்றன என்பது அப்போது சொல்லாமலே விளங்கும்.

3. அளத்தல் (15 நிமிடம்): சிலையைத் தொடக்கூடாது. பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, சிலையின் முகத்தை ஓர் அளவாகக் கொள்ளட்டும். பீடத்திலிருந்து ஊன்றிய கை வரை எத்தனை முகம்? சுவாமிமலைச் சிற்பிகளும் முக நீளத்தையே அடிப்படையாகக் கொண்டு, தென்னை ஓலைக் கீற்றை மடித்து உறுப்புகளின் அளவைக் குறிக்கிறார்கள். அந்த முக அளவுக்குத் தாளம் என்று பெயர். மாணவர்கள் காகிதக் கீற்றை மடித்துத் தங்கள் உயரம் எத்தனை முகம் என்றும் அளந்து பார்க்கலாம்.

4. செய்தல் (60 நிமிடம்): மண் வேலையை முற்றத்திலோ, திரும்பியபின் பள்ளியிலோ வைத்துக்கொள்ளலாம். குழுவுக்கு இரண்டு கிலோ அளவில் பிசைந்த களிமண், மூங்கில் சிம்பு, நூல், ஈரத்துணி, பழைய செய்தித்தாள் போதும். முதலில் செய்யும் காளையின் கால்கள் பெரும்பாலும் உடல் எடையில் வளைந்துவிடும். உடனே உதவிக்குப் போகாதீர்கள். காலைத் தடிமனாக்குவதா, ஈரத்தைக் குறைப்பதா, வயிற்றுக்குக் கீழே முட்டுக் கொடுப்பதா, காளையைப் படுக்க வைப்பதா என்று குழுவே முடிவு செய்யட்டும். செய்பொருளும் உருவத்தைத் தீர்மானிக்கிறது என்ற பாடம் இங்கே நடக்கிறது.

5. மீண்டும் பார்த்தல்: செய்து முடித்த பின் சிலையை, முடியாவிட்டால் அதன் படத்தை, மறுபடி பாருங்கள். "எங்கள் காளையின் முதுகு இந்த உயரத்தில் உள்ளது, ஏனெனில்..." என்று ஒவ்வொரு குழுவும் ஐந்து வாக்கியம் எழுதட்டும்.

அறிவியலும் இருக்கிறது

சோழர் காலத் திருமேனிகள் மெழுகு வார்ப்பு முறையில் உருவானவை. தேன்மெழுகு, குங்கிலியம், எண்ணெய் கலந்து உருவம் செய்து, அதன்மேல் வண்டல் மண் பூசிக் காயவைத்துச் சுடுவார்கள். மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியபின் மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளிவரும். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரே சிலை. தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். செம்பு 1,085 டிகிரியில். உருகுநிலைப் பாடத்திற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. வார்ப்பை விளக்கினால் போதும். நெருப்பு வேலை பட்டறையில் வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

அருங்காட்சியகக் காப்பாட்சியரிடமோ பொறுப்பு அலுவலரிடமோ முன்னரே அனுமதி பெற்று, கூட்டம் குறைந்த நேரத்தைக் கேளுங்கள். மதிப்பெண்ணும் முதற்பரிசும் வேண்டாம். பரிசு வந்தால் தயங்கும் மாணவர் மீண்டும் ஒதுங்கிவிடுவார். இது வழிபாட்டுக்காக உருவான திருமேனி என்பதால் பேச்சில் மரியாதை வேண்டும். அளவு, எடை, சமநிலை ஆகியவற்றைப் பற்றிய வினாக்கள் என்பதால் எந்தச் சமய மாணவரும் தயக்கமின்றிப் பங்கேற்கலாம்.

தஞ்சாவூர் தொலைவென்றால்

1851இல் தொடங்கப்பட்ட சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் திருமேனி உண்டு. ஆண் பாதியும் பெண் பாதியும் ஓர் இடுப்பில் எப்படிச் சேர்கின்றன என்பது அங்கே நல்ல வினா. தருமபுரி அருங்காட்சியகத்தின் நடுகற்களில் வீரனின் உடல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, ஏன் என்று கேட்கலாம். முட்டுக்காடு தட்சிணசித்ராவில் பழைய வீடுகளின் திண்ணையையும் முற்றத்தையும் அட்டையில் செய்து பார்க்கலாம். நம் ஊர் ஏரிக்கரையில் நடுகல் இருந்தால் பேருந்துக் கட்டணம்கூட வேண்டாம்.

எந்த இடமானாலும் புறப்படுவதற்கு முன் ஆசிரியர் ஒருமுறை தனியாகச் சென்று, ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அதில் விடை தெரியாத ஒரு வினாவைக் கண்டுபிடித்து வரவேண்டும். நாற்பது பொருள்களைக் காட்டும் எண்ணத்தை அன்று ஒருநாள் விட்டுவிடலாம்.