வெங்காயச் சருகும் ஒரு சரக்குதானா?

வெங்காய மூட்டையைக் கொட்டிப் பொறுக்கி எடுத்த பிறகு மிஞ்சும் சருகை நாம் யாரும் சரக்காக நினைப்பதில்லை. கூட்டி அள்ளிக் குப்பையில் போடுகிறோம். அந்தச் சருகில் 'ஆன்டி ஆக்சிடன்ட்' இருக்கிறது, அதற்கு நல்ல விலை உண்டு என்று பேச்சு அடிபடுவதால் மண்டிக்கு வரும் கடைக்காரர்கள் சிலர் என்னிடம் விவரம் கேட்கிறார்கள். நெடுங்காலம் வெங்காய வியாபாரத்தில் இருப்பவன் என்ற முறையில், படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதை நம் உறுப்பினர்களுக்காக எழுதுகிறேன்.

பெயர்தான் புதிது, விஷயம் மளிகைக் கடைக்காரருக்குப் பழகியதே. கடலை எண்ணெய் டின்னைத் திறந்து வைத்தால் நாளடைவில் காறல் வாடை வந்துவிடும். காற்றிலுள்ள ஆக்சிஜன் எண்ணெயோடு சேர்வதால் வரும் கெடுதல் அது. வெயிலும் சூடும் அதை விரைவுபடுத்தும். இந்தச் சேர்க்கைக்குக் குறுக்கே நின்று, தான் அடிபட்டு எண்ணெயைக் காப்பாற்றும் பொருள்தான் ஆன்டி ஆக்சிடன்ட். அது தீர்ந்துவிட்டால் காவலும் போயிற்று. நல்லெண்ணெய் மற்ற எண்ணெய்களைவிட நாள்பட நிற்பதற்கு எள்ளிலேயே உள்ள சீசமால் போன்ற பொருள்கள்தான் காரணம். வெண்ணெய் உருக்கும்போது நம் வீட்டுப் பெண்கள் முருங்கை இலையோ கறிவேப்பிலையோ போடுவதும் வாசனைக்காக மட்டும் அல்ல. நெய் கெடாமல் இருப்பதற்கும் அது உதவுகிறது.

உங்கள் கடையிலுள்ள சிப்ஸ், பிஸ்கட் பாக்கெட்டுகளின் பின்பக்கத்தைப் பாருங்கள். சிலவற்றில் 319, 320, 321 என்ற எண்கள் இருக்கும். அவை ரசாயன முறையில் தயாரித்த ஆன்டி ஆக்சிடன்ட்கள். சட்டம் அனுமதித்த அளவுக்குள் சேர்க்கிறார்கள். தாவரத்திலிருந்து எடுத்ததே வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் பெருகவே, கம்பெனிகளின் பார்வை தோலிலும் கொட்டையிலும் விழுந்தது.

ஏன் தோல்? வெயில், பூச்சி, பூசணம் எல்லாவற்றையும் முதலில் எதிர்கொள்வது அதுதானே. வெங்காயத்தின் வெளிச்சருகுக்குப் பழுப்பு மஞ்சள் நிறம் தருவது குவெர்செட்டின் என்ற பொருள். நாம் சாப்பிடும் உட்பகுதியில் இருப்பதைவிடச் சருகில் அது பல மடங்கு அதிகம். சருகை வேகவைத்த நீரில் நூலுக்குச் சாயம் ஏற்றுவதும் இதை வைத்துத்தான். 1929-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில விஞ்ஞானிகள், நிறமுள்ள வெங்காயத்தின் சருகில் பூசணத்தைத் தடுக்கும் அமிலம் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வெள்ளை வெங்காயத்தில் புள்ளிப் பூசணம் எளிதில் பற்றுவதற்கும், நிறமுள்ளது தாக்குப் பிடிப்பதற்கும் அதுவே காரணம். பொங்கலூர், தாராபுரம் பக்கம் பட்டறை போட்ட சின்ன வெங்காயம் மாதக்கணக்கில் நிற்கிறது என்றால், காற்றோட்டத்தோடு இந்தச் சருகுக்கும் அதில் பங்கு உண்டு. ஆகவே, பளபளப்பாகத் தெரியட்டும் என்று கடையில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துச் சருகை நீக்குவது, சரக்கின் ஆயுளை நாமே குறைப்பதாகும். உரித்த வெங்காயப் பாக்கெட் வைப்பவர்கள் அன்றன்றைக்கு விற்கும் அளவே வைப்பது நல்லது.

வெங்காயம் மட்டும் அல்ல. பிரான்சில் மாஸ்கெலியே என்பவர் 1940-களின் பிற்பகுதியில் நிலக்கடலையின் செந்தோலிலிருந்து இத்தகைய பொருளைப் பிரித்தெடுத்தார். பின்னர் திராட்சை விதையிலிருந்தும் அதே வகைப் பொருளை எடுக்கும் தொழில் வளர்ந்தது. கிணத்துக்கடவு, உடுமலை தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைகோபீனும் தோலில்தான் அதிகம். விலை சரிந்து தக்காளியைச் சாலையோரம் கொட்டும் நாட்களில் அதுவும் சேர்ந்தே போகிறது.

இனி, காசு விஷயத்துக்கு வருவோம். சருகு விலை போகுமா? சாறு எடுப்பவர்கள் வாங்கும் சரக்கு உலர்ந்ததாக, மண்ணில்லாததாக இருக்க வேண்டும். கருப்புப் பொடி படிந்த சருகு உதவாது. அது பூசணம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பூச்சிமருந்தின் மிச்சமும் மேல்தோலில் தங்கியிருக்கலாம். ஆகவே ஆய்வுக்கூடச் சோதனை இல்லாமல் பொறுப்பான கம்பெனி எதுவும் வாங்காது. அதைவிடப் பெரிய சிக்கல் வாடகை. லாரி நிறைய ஏற்றினாலும் சருகுக்கு எடை நிற்காது. தூரத்து ஊருக்கு அனுப்பினால் சரக்கின் விலையை லாரி வாடகையே தின்றுவிடும். பல மண்டிகள் ஒன்றுசேர்ந்து ஓரிடத்தில் சேர்த்து, அருகிலேயே வாங்குபவர் கிடைத்தால் ஒழியக் கணக்கு ஒத்துவராது என்பது என் அபிப்பிராயம். சாறு எடுப்பதோ சாராயக் கரைப்பான், ஆலை, லைசென்ஸ் எல்லாம் வேண்டிய தொழில். கடையின் பின்கட்டில் செய்யக்கூடியது அல்ல.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2012-ல் ஈமு கோழி விவகாரம் வெடித்தபோது பெருந்துறையில் தொடங்கி நம் கொங்குப் பகுதியில் எத்தனை குடும்பங்கள் பணத்தை இழந்தன! "மெஷினை வாங்குங்கள், பொடியை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம்" என்று யாராவது வந்தால் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பொடியை மருந்துபோலச் சொல்லி விற்கவும் வேண்டாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994-ல் வெளியானது. பீட்டா கரோட்டின் என்ற ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, அதிகமாகத்தான் வந்தது. காய்கறியோடு சேர்த்துச் சாப்பிடுவது வேறு, பொருளைத் தனியே பிரித்து மாத்திரையாக விழுங்குவது வேறு.

இன்னொன்றையும் அவசியம் சொல்ல வேண்டும். கழிவு வெங்காயத்தை மாட்டுக்கு என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள். புண்ணியம் என்று நாமும் கொடுத்துவிடுகிறோம். வெங்காயத்திலுள்ள கந்தகப் பொருள்கள் மாட்டின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அதிகம் தின்றால் சோகை பிடித்து, சிறுநீர் சிவந்து, மாடு இறந்தும் போகலாம். ஆடு ஓரளவு தாங்கும், மாடு தாங்காது. தக்காளி, முட்டைக்கோஸ் கழிவோடு வெங்காயத்தைக் கலந்து கூடையில் போட்டு வைக்கும் கடைகளில் முதலில் அதைப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள்.

பிரித்து வைப்பது 2016-ம் ஆண்டு விதிகளிலேயே கட்டாயமாக்கப்பட்டது. ஈரமான அழுகல் ஒரு பக்கம் உரக்குழிக்குப் போகட்டும். உலர்ந்த சருகைச் சாக்கில் கட்டி நிழலில் வைத்துப் பாருங்கள். மாதத்துக்கு எத்தனை கிலோ சேருகிறது என்று எடைபோட்டு எழுதுங்கள். அந்தக் கணக்கோடு கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அறுவடைப் பின்சார் தொழில்நுட்ப மையத்தில் விசாரிக்கலாம். வாங்க வருகிறவர் யாராக இருந்தாலும், சோதனைச் செலவு யாருடையது, வாடகை யாருடையது, பணம் எத்தனை நாளில் வரும் என்ற மூன்றையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு சாக்கை ஏற்றுங்கள்.