உங்களுக்குத் தெரியுமா? இணைய முகவரியை வலமிருந்து பிரிக்க வேண்டும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பூங்காக்களை நடத்தும் சிப்காட்டின் இணைய முகவரி: 'எச்டிடிபிஎஸ்://சிப்காட்.டிஎன்.ஜிஓவி.இன்'. 'எச்டிடிபிஎஸ்' என்பது தகவல் மறையாக்கத்துடன் போய்வருவதைக் குறிக்கும். போலித் தளத்துக்கும் அது கிடைக்கும். அடுத்துள்ள டொமைன் பெயரை வலமிருந்து இடமாகப் பிரித்தால்தான் உரியவர் யார் என்று தெரியும். 'இன்' இந்தியா, 'ஜிஓவி' அரசு, 'டிஎன்' தமிழ்நாடு, கடைசியில் 'சிப்காட்'. அதன்பின் ஒற்றைச் சாய்கோட்டில் தொடங்குவது பக்கத்தின் பாதை. கேள்விக்குறிக்குப் பின் வருபவை தேடல் விவரங்கள். இணைய முகவரியின் இந்த அமைப்பு 1994 டிசம்பரில் முறைப்படி வரையறுக்கப்பட்டது.

'ஜிஓவி.இன்' என்பதற்குப் பின் சாய்கோடு இல்லாமல், புள்ளி வைத்து 'காம்' என முடியும் வேறொரு பெயர் ஒட்டியிருந்தால் அது அரசுத் தளமே அன்று. சிப்காட்டின் பெயரை முன்னால் சேர்த்துக்கொள்ள எவராலும் முடியும். வேலை தேடுவோர், விண்ணப்பக் கட்டணம் கேட்கும் இணைப்பைத் தொடுமுன் டொமைன் பெயரின் வலக்கோடியைப் பார்த்துவிடுங்கள்.