மாடியில் ஒரு மின்மாற்றிப் பாடம்

ஒன்பதாம் வகுப்பில் மின்மாற்றி பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் தாயின் மகள் ஒருத்தி எழுந்து, "சார், நம்ம ஸ்கூல் சோலார் இன்வெர்ட்டருக்குள்ளயும் மின்மாற்றி இருக்கா?" என்றாள். பெட்டியில் ஒட்டியிருந்த விவரச்சீட்டைப் போய்ப் பார்த்தோம். மின்மாற்றி இல்லாதது என்றிருந்தது. "அப்புறம் எப்படி சார் 230 வோல்ட் வருது?"

நல்ல கேள்வி. 230 வோல்ட் என்பது பயனுறு மதிப்பு. அலையின் உச்சம் சுமார் 325 வோல்ட். இன்வெர்ட்டருக்குள் அதைவிடக் கூடுதலான நேர்திசை மின்னழுத்தம் வேண்டும். 40 வோல்ட் பலகைகள் எட்டைத் தொடரில் இணைத்தாலும் 320தான். நம் வேலூர்ப் பக்கத்து மே மாத வெயிலில் அதுவும் குறையும். பலகை சூடானால் மின்னழுத்தம் இறங்கும்.

இங்கே ஒரு கம்பிச்சுருளும் மின்னணு சாவியும் உதவுகின்றன. வேகமாக ஓடும் தண்ணீர்க் குழாயைச் சட்டென மூடினால் அழுத்தம் எகிறி, குழாய் அதிரும் அல்லவா? அதுபோலச் சுருளில் ஓடும் மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை தடுத்து, மின்னழுத்தத்தை 350, 400 வோல்ட்டுக்கு உயர்த்துகிறார்கள். பிறகு நான்கு சாவிகள் இரண்டிரண்டாக மாறிமாறி இயங்கி மாறுதிசை மின்னோட்டம் ஆக்குகின்றன. கனமான இரும்பு உள்ளகம் இல்லாததால் எடை குறைவு. பயனுறுதிறன் 97 சதவீதத்தைத் தாண்டும்.

ஆனால் ஓர் இழப்பும் உண்டு. மின்மாற்றியின் இரு சுருள்களையும் கம்பி இணைப்பதில்லை, காந்தப்புலம்தான் இணைக்கிறது. அந்தப் பிரிவு இங்கே இல்லை. பலகையின் செல்களும் உலோகச் சட்டமும் சேர்ந்து மின்தேக்கிபோல் ஆகி, கசிவு மின்னோட்டம் ஓடும். ஈரத்தில் அது கூடும். இதைக் குறைக்கவே ஹெச்5, ஹெரிக் போன்ற வடிவமைப்புகளில் கூடுதல் சாவிகள் வைக்கிறார்கள். கசிவு 300 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் இன்வெர்ட்டர் தானே துண்டித்துக்கொள்ளவும் வேண்டும்.

இதை நான் கற்றது புத்தகத்தில் மட்டுமல்ல. ஒரு பனிக்காலைப் பொழுதில் பலகையைத் துடைக்கப் போனேன். விரல்களில் சுரீர் என்றது. சட்டத்தின் எர்த் வயர் கழன்று கிடந்தது. அன்று மாணவர்களைத் துடைக்கச் சொல்லியிருந்தால்? எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்யும்வரை மாடிக் கதவைப் பூட்டியே வைத்தேன்.

உங்கள் பள்ளியிலும் விவரச்சீட்டை மாணவர்களோடு படியுங்கள். பாடம் உயிர் பெறும். எர்த் வயரை ஆண்டுதோறும் சோதிக்கச் செய்யுங்கள். பலகை துடைக்கும் வேலை மட்டும் பிள்ளைகளுக்கு வேண்டாம்.