மடிக்கணினியோடு இரண்டு திரைகள்: காசைக் கொடுக்குமுன் கவனிக்க வேண்டியவை



வருமான வரிக் காலத்தில் என் மேசையில் மூன்று திரைகள் எரியும். ஒன்றில் வங்கி அறிக்கை, மற்றதில் கணக்குப் பதிவேடு, மடிக்கணினியின் சொந்தத் திரையில் வரிப் படிவம். ஒரே திரையில் ஒன்றை மூடி ஒன்றைத் திறந்து, எண்களை மனதில் சுமந்துகொண்டு வேலை செய்தால், 540 என்பது 450 ஆகிவிடும். கணக்குத் தொழிலில் உள்ளவர்களுக்கு இந்தப் பிழை நன்கு பழக்கம். இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதியின்றிப் பிரிபடும். அப்படிப் பிழை தேடுவதைவிட, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சுகம்.

2020க்குப் பிறகு எங்கள் வீடுகள் பலவற்றில் சாப்பாட்டு மேசையே அலுவலகமாகவும் வகுப்பறையாகவும் ஆகிவிட்டது. அதனால், "என்ர லாப்டொப்புக்கு இரண்டு மொனிற்றர் பூட்டலாமோ?" என்று நேயர்கள் அடிக்கடி கேட்கிறார்கள்.

ஒரு தாயார் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளுக்கென்று இருநூறு டொலருக்கு மேல் கொடுத்து ஒரு டொக்கிங் பெட்டி வாங்கினார். இரண்டு மொனிற்றர்களிலும் ஒரே படம்தான் வந்தது. பழுதென்று மாற்றி எடுத்தார். புதியதும் அதையே செய்தது. உண்மையில் பெட்டியில் பழுதில்லை. அந்த மடிக்கணினி வெளியே ஒரு படத்தை மட்டுமே அனுப்பக்கூடியது. இரவு வேலை செய்து சேர்த்த காசு இப்படிப் போகக்கூடாது என்பதற்காகவே இந்த மாத உரை.

முடிவு மடிக்கணினியின் கையில்

எத்தனை திரை பூட்டலாம் என்பதை முதலில் தீர்மானிப்பது கணினிக்குள் இருக்கும் வரைகலைச் சில்லு. வயரோ பெட்டியோ அல்ல. கணக்கு மொழியில் சொன்னால், சில்லுதான் வருமானம். சாதாரண டொக்கிங் பெட்டி அந்த வருமானத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஆள். இல்லாததைப் பெட்டியால் கொடுக்க இயலாது.

இன்டெல் சில்லுள்ள மடிக்கணினிகளில், பத்தாம் தலைமுறை வரையானவற்றில் பெரும்பாலானவை சொந்தத் திரையையும் சேர்த்து மொத்தம் மூன்று திரைகளைத் தாங்கும். பதினோராம் தலைமுறையிலிருந்து பெரும்பாலும் நான்கு. அப்பிளின் மக்புக் எயாரில் 2020இல் வந்த எம்1, 2022இல் வந்த எம்2 இரண்டும் வெளியே ஒரு திரையைத்தான் ஏற்கும். 2024இல் வந்த எம்3, மூடியை மூடி வைத்தால் இரண்டை ஏற்கும். 2025இல் வந்த எம்4, மூடி திறந்திருக்கும்போதே இரண்டை ஏற்கும். ஆகவே பழைய மக்புக்கை மலிவாக வாங்குபவர்கள் இதை முதலில் விசாரியுங்கள்.

உங்கள் கணினியின் மாதிரி இலக்கம் அடிப்பக்கத்தில் இருக்கும். தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் அந்த இலக்கத்தைத் தேடி, வெளித்திரை பற்றிய வரியைப் பாருங்கள்.

துவாரங்களைப் பாருங்கள்

எச்டிஎம்ஐ துவாரம் ரிவி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்ததே. குழப்பம் யூஎஸ்பி-சி என்ற சிறிய நீள்வட்டத் துவாரத்தில்தான். 2014இல் அறிமுகமான அந்த வடிவம் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் வேலை ஒன்றல்ல. சிலவற்றில் மின்னூட்டமும் தரவும் மட்டுமே போகும். சிலவற்றில் படமும் போகும். அருகில் 'டி'யும் 'பி'யும் சேர்ந்த டிஸ்பிளேபோட் அடையாளமோ, தண்டர்போல்டின் மின்னல் அடையாளமோ இருந்தால் படம் போகும் என்று நம்பலாம். அடையாளம் இல்லாவிட்டால் விபரப் பட்டியலைப் பாருங்கள்.

எச்டிஎம்ஐ ஒன்றும், படம் போகும் யூஎஸ்பி-சி ஒன்றும் இருக்கும் விண்டோஸ் கணினி என்றால், அனேகமாக டொக்கிங் பெட்டியே தேவையில்லை. ஒரு மொனிற்றரை எச்டிஎம்ஐ வயரிலும், மற்றதை யூஎஸ்பி-சி அடப்டரிலும் பூட்டலாம். மிகக் குறைந்த செலவில் முடியும் வழி இதுதான்.

டொக்கிங் பெட்டி வாங்குவதென்றால்

ஒரே யூஎஸ்பி-சி வயரில் இரண்டு படங்களை அனுப்பும் எம்எஸ்ரி என்ற முறை 2010இல் டிஸ்பிளேபோட் 1.2உடன் வந்தது. விண்டோஸ் இதை ஏற்கும். அப்பிளின் மக்கில் இந்த முறையால் இரண்டு வெவ்வேறு படங்கள் வராது. இரு திரையிலும் ஒன்றேதான் வரும். தண்டர்போல்ட் 4 துவாரமுள்ள விண்டோஸ் கணினி இரண்டு 4கே திரைகளைத் தாங்க வேண்டும் என்பது அந்தத் தரத்தின் விதி.

ஒரு திரைக்கே இடமுள்ள கணினிக்கு டிஸ்பிளேலிங்க் என்ற சில்லுள்ள பெட்டி உதவும். அது படத்தைச் சுருக்கி, சாதாரணத் தரவாக யூஎஸ்பி வழியே அனுப்பும். அதற்கென ஒரு மென்பொருளை நிறுவ வேண்டும். கணக்கு, கட்டுரை, மின்னஞ்சலுக்குத் தாராளமாகப் போதும். விளையாட்டுக்கு ஏற்றதல்ல. பதிப்புரிமைக் காப்புள்ள திரைப்படங்கள் கறுப்பாகத் தெரியலாம். அலுவலகக் கணினி என்றால் மென்பொருள் நிறுவ அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள்.

எச்டிஎம்ஐ ஸ்பிளிற்றர் என்று விற்பது ஒரே படத்தை இரண்டாக்கும் சாமான். தனித்தனித் திரைக்கு அது உதவாது. டிஸ்பிளேபோட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் சாதாரண வயரும் ஒருவழிப் பாதைதான். கணினிப் பக்கம் டிஸ்பிளேபோட் இருந்தால் மட்டுமே வேலை செய்யும்.

மொனிற்றர் புதிதாக இருக்க வேண்டுமென்பதில்லை. எழுத்து வேலைக்கு 1920க்கு 1080 புள்ளிகளுள்ள பழைய 24 அங்குலத் திரை நன்றாகப் போதும். 4கே திரை வாங்கினால், துவாரமும் வயரும் பெட்டியும் வினாடிக்கு 60 தடவை படம் மாற்றுமா என்று கேளுங்கள். பழைய எச்டிஎம்ஐ 1.4 அந்த அளவில் 30 தடவைதான் மாற்றும். சுட்டி இழுபடுவது கண்ணுக்குத் தெரியும்.

பூட்டிய பின்

விண்டோஸில், விண்டோஸ் விசையையும் 'பி' விசையையும் சேர்த்து அழுத்தி 'எக்ஸ்டென்ட்' என்பதைத் தெரியுங்கள். 'டூப்ளிகேட்' என்றிருந்தால் ஒரே படம்தான் வரும். பெட்டி பழுதென்று முடிவெடுக்குமுன் இதைச் சரிபாருங்கள். பிறகு டிஸ்பிளே அமைப்புப் பக்கத்தில் தெரியும் 1, 2, 3 என்ற கட்டங்களை, மேசையில் திரைகள் நிற்கும் அதே ஒழுங்கில் இழுத்து வையுங்கள். இல்லாவிட்டால் சுட்டி வலப்பக்கம் போக வேண்டிய இடத்தில் முட்டி நிற்கும். மக்கை மூடி வைத்துப் பாவிப்பதென்றால் மின்னூட்டியும், வெளி விசைப்பலகையும், சுட்டியும் வேண்டும்.

கடைக்குப் போகுமுன் ஒரு துண்டில் நான்கு விடயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: கணினியின் மாதிரி இலக்கம், அது தாங்கும் திரைகளின் எண்ணிக்கை, அதிலுள்ள துவாரங்கள், மொனிற்றரிலுள்ள துவாரங்கள். பிள்ளைகள் வேலையால் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்தத் துண்டோடு போனால், கடைக்காரரிடம் நீங்களே கேள்வி கேட்டு வாங்கலாம். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். திருப்பிக் கொடுக்கும் கடைசித் திகதியையும் அதில் குறித்து வையுங்கள்.