ஜீப்பின் நாடி பார்க்க லேப்டாப் வேண்டாம்

மூணாறிலிருந்து சுமார் 45 கி.மீ. தொலைவிலுள்ள வட்டவடையின் பூண்டும் காரட்டும் மலைப்பாதை வழியேதான் சந்தைக்குப் போயாக வேண்டும். நடுவழியில் என்ஜின் சூடேறி வண்டி நின்றால் அன்றைய வாடகை போச்சு.

முன்கூட்டியே கோளாறை அறிய லேப்டாப் சுமக்க வேண்டியதில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட ஓ.பி.டி. சாக்கெட் உள்ள வண்டிகளில் சிறிய புளூடூத் அடாப்டரைச் செருகினால் போதும்; என்ஜின் வெப்பமும் சுழற்சியும் செல்போனில் பதிவாகும்.

ஆனால் பழைய டீசல் ஜீப்புகளில் என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரே கிடையாது. அவற்றுக்கு அடாப்டர் வாங்குவது வீண் செலவு. ஓடிய கி.மீ., போட்ட டீசல், ஊற்றிய தண்ணீர், ஆயில், ஏற்றத்தில் வெப்பமானி முள் நின்ற இடம் ஆகியவற்றைத் தினமும் நோட்டில் எழுதி வைப்பதே வழி. தண்ணீர் அடிக்கடி குறைகிறதென்று நோட்டு சொன்னால், அடுத்த லோடுக்கு முன் மெக்கானிக்கிடம் போவதே நல்லது.